பிரேக் கட்டை உரசினால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

பி.எம்.எக்ஸ். சைக்கிளில், அதாவது சின்னச் சக்கரம் வைத்த, கியர் இல்லாத சாகச சைக்கிளில், ஒரு பக்க பிரேக் கட்டை ரிம்மை உரசிக்கொண்டே ஓடினால், எல்லார் கையும் முதலில் போவது பிரேக்கில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவுக்குத்தான். அதைத் திருகுவார்கள், கட்டை கொஞ்சம் விலகும். இரண்டு நாளில் மறுபடி உரசும், மறுபடி திருகுவார்கள். அந்த ஸ்க்ரூ கடைசியில் தொட வேண்டியது. அதற்கு முன்னால் சக்கரத்தை ஃபிரேமில் பிடிக்கும் ஆக்சில் நட்டு, பேரிங், ரிம் கோட்டம், கட்டையைத் தாங்கும் பிரேக் கை மாட்டியிருக்கும் முளை, லீவரிலிருந்து வரும் ஒயர் என்று ஒரு வரிசையே இருக்கிறது. என் மகளின் சைக்கிளை நானே கழற்றி மாட்டிப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இந்த வரிசைதான். இதில் ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்தது நிற்காது.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். எங்கள் தெருவுக்குள் பிள்ளைகள் தைரியமாகச் சைக்கிள் ஓட்டலாம். தெருவைத் தாண்டினால் எண்ணூர் விரைவுச் சாலை; துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை. மகள் வைத்திருப்பது பழைய பி.எம்.எக்ஸ்., இன்னொரு வீட்டிலிருந்து வாங்கியது. முன்னால் பிரேக் கிடையாது, பின்னால் ஒரு யூ பிரேக் மட்டும். ஒரே ஒரு பிரேக் இருக்கும் வண்டியில் அது "ஓரளவுக்குப் பிடிக்குது" என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. எதிர் வீட்டுப் பையன் வண்டியில் முன்னும் பின்னும் வி பிரேக். யூ, வி இரண்டுமே ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் வகைகள், பிரேக் கைகள் மாட்டியிருக்கும் இடம்தான் வேறு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில் வித்தியாசங்களும் புரிந்தன.

ஆரம்பத்தில் காலடிப்பேட்டைப் பக்கம் கடை போட்டிருக்கும் சைக்கிள்கார அண்ணனிடம் கொண்டுபோனேன். பார்த்தவுடனே சொன்னார்: "ஸ்பிரிங்க லேசா நெம்பி வுட்டா சரியாப் பூடும்மா."

"சக்கரமே கோட்டமா இருக்குற மாதிரி தெரியுதேண்ணே?"

"இத்தினூண்டு கோட்டம் எல்லா வண்டிலயும் இருக்கும்மா. அதெல்லாம் ஓடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவர் தொழில் கற்றது கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிள்களில். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்தது முதல் இந்த ஊர் மெக்கானிக்குகள் பல தலைமுறையாக அந்த மாதிரி வண்டிகளில்தான் கை பழகினார்கள். கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. ரிம்மின் உள்வட்டத்தை, அதாவது போக்ஸ் கம்பி நிற்கும் பக்கத்தை, கீழிருந்து மேலாக இழுத்து அழுத்தும். சக்கரம் இடமும் வலமும் கொஞ்சம் ஆடினால் அந்த பிரேக்குக்குப் பெரிய நஷ்டமில்லை. பி.எம்.எக்ஸ். பிரேக் பக்கவாட்டில் இரண்டு புறமும் பிடிப்பது. கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான் வைப்போம். அதில் ஒரு மில்லிமீட்டர் கோட்டம் வந்தால் பாதி இடம் போய்விடும். பெரிய சைக்கிளில் "ஓடும்" என்று விடக்கூடிய கோட்டத்தை இதில் விட முடியாது.

சரி, வரிசைக்கு வருகிறேன். முதலில் பின் சக்கரம் ஃபிரேமில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற சைக்கிள்களைவிட பி.எம்.எக்ஸ்.சுக்கு இது பல மடங்கு முக்கியம், காரணம் செயின். கியர் இல்லாத வண்டியில் செயின் தொய்வை எடுக்க வேறு வழி கிடையாது. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, மறுபடி முறுக்க வேண்டும். அப்படி இழுக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் புது இடத்தில் உட்காருகிறது. அதோடு செயின் வலப்பக்கம் இருப்பதால் ஆக்சிலின் வலது முனையை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். நட்டை முறுக்கும்போது கவனிக்காவிட்டால் சக்கரம் சாய்ந்தபடியே இறுகிவிடும். "போன வாரம் செயின் டைட் பண்ணோம், இந்த வாரம் பிரேக் உரசுது" என்று எதிர் வீட்டுப் பையன் வந்து நின்றபோது நான் பிரேக்கைத் தொடவேயில்லை. ஆக்சில் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை நேராக்கினேன், உரசல் போய்விட்டது.

நேராக்கும் விதம் இது. இரண்டு நட்டையும் தளர்த்துங்கள். 14 மில்லிமீட்டர் ஆக்சிலுக்கு 17 ஸ்பேனர், மெல்லிய ஆக்சிலுக்குப் பெரும்பாலும் 15. சக்கரத்தைப் பின்னால் இழுத்து வலது நட்டை மட்டும் விரலிறுக்கத்துக்குச் சற்று மேலே முறுக்குங்கள். இப்போது பிரேக்கைப் பார்க்காதீர்கள். பெடல் அச்சுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு கீழ்க் குழாய்களுக்கு நடுவே டயர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இடது கையால் டயரைத் தள்ளி அங்கே நடுவில் நிறுத்தி, இடது நட்டை முறுக்குங்கள். பிறகு வலது கொஞ்சம், இடது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. ஒரே நட்டை ஒரே மூச்சில் முறுக்கினால் ஆக்சில் அதோடு சேர்ந்து நகரும். செயின் நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் அளவு ஆட வேண்டும். பெடலைச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் அழுத்திப் பாருங்கள். சில வண்டிகளில் முன் பல்சக்கரம் முழு வட்டமாக இருக்காது, ஓரிடத்தில் செயின் விறைக்கும். அந்த விறைப்பான இடத்தை வைத்துத்தான் தொய்வை முடிவு செய்ய வேண்டும்.

இதில் இன்னொரு விளைவு உண்டு. பிரேக் ஃபிரேமில் நிலையாக நிற்கிறது, சக்கரம் மட்டும் பின்னால் போகிறது. ஆகவே கட்டை ரிம்மில் படும் இடமும் மாறும். செயினை நன்றாக இழுத்துக் கட்டிய பிறகு கட்டையின் மேல்விளிம்பு டயரைத் தொடுகிறதா, கீழ்விளிம்பு ரிம்மை விட்டு இறங்கிவிட்டதா என்று கட்டாயம் குனிந்து பார்க்க வேண்டும்.

அடுத்து பேரிங். வண்டியைத் தலைகீழாகப் போட்டு, பிரேக் பக்கத்தில் ரிம்மை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். டொக் டொக் என்று ஆடினால் பேரிங்கைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் ரிம் வேறு வேறு இடத்துக்குப் போகும்.

பிறகு கோட்டம். ஃபிரேமின் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் வால் ரிம்மை லேசாகத் தொடுகிற மாதிரி வெட்டி விடுங்கள். சக்கரத்தைச் சுற்றினால் எந்த இடத்தில் உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். ரிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் இடப்பக்க போக்ஸ் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும். கம்பியின் ரிம் முனையில் இருக்கும் நிப்பிளை டயர் பக்கத்திலிருந்து பார்த்து வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகவே கூடாது. படிக்கட்டில் இறங்கி ரிம்மிலேயே பள்ளம் விழுந்திருந்தால் இந்த வேலை உதவாது, ரிம்மைத்தான் மாற்ற வேண்டும். கோட்டம் எடுப்பதற்கு மட்டும் நான் இன்னமும் காலடிப்பேட்டை அண்ணனிடம்தான் போகிறேன். கம்பிகளைத் தட்டி ஒலியைக் கேட்டே எது தளர்ந்தது என்று சொல்லிவிடுகிற கை அவருடையது. என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: "பிரேக்க தொடாதீங்கண்ணே. கோட்டம் மட்டும் எடுத்துக் குடுங்க, கட்டை சைடுல புடிக்கிற வண்டி இது." அவரும் புரிந்துகொண்டு பொறுமையாக எடுத்துத் தருகிறார்.

சக்கரம் நேராகிவிட்டது என்றால்தான் பிரேக். இங்கே எங்கள் ஊரின் குணத்தைச் சொல்ல வேண்டும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீடுகளில் இரும்பு எதுவும் சும்மா இருக்காது, உப்புக்காற்று தின்றுவிடும். பிரேக் கைகள் மாட்டியிருக்கும் முளையில் துரு பிடித்தால் ஸ்பிரிங் எவ்வளவு பலமாக இருந்தாலும் கை திரும்பி வராது. ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வரும், மறுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்கு ஸ்பிரிங் பழுது மாதிரித் தெரியும். ஸ்பிரிங்கை நெம்பினால் சில நாள் வேலை செய்யும், துரு கூடியதும் பழைய கதைதான். சோதிப்பது சுலபம். ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங்கையும் விடுவித்து, பிரேக் கையை விரலால் ஆட்டிப் பாருங்கள். எந்தத் தடையும் இல்லாமல் விழுந்து எழ வேண்டும். கரகரவென்றிருந்தால் போல்ட்டைக் கழற்றி, கையை உருவி, முளையை நைசான உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, லேசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அப்போதைக்கு வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகும். கிரீஸ் பட்ட விரலோடு ரிம்மையோ கட்டையையோ தொடாதீர்கள்.

வி பிரேக் கையைத் திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். முளையின் அடியில் ஸ்பிரிங் முனை நுழைய வழக்கமாக மூன்று துளைகள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே துளையில் நுழைய வேண்டும், பெரும்பாலும் நடுத்துளையில். எதிர் வீட்டுப் பையன் வண்டியில் ஒரு பக்கம் மேல் துளையிலும் மறுபக்கம் நடுவிலும் இருந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஸ்க்ரூவை முழுவதும் உள்ளே திருகியும் நடுவுக்கு வராததன் காரணம் அதுதான்.

ஒயருக்கும் இதே கதி, உப்புக்காற்றில் உள்ளே துருத்தூள் சேரும். லீவரை அழுத்தும்போது சொரசொரவென்றிருந்தால் எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்க முயலாதீர்கள், உள் ஒயரும் வெளிக் கவரும் சேர்த்து மாற்றிவிடுங்கள். விலை பெரிய விலையில்லை. கவரின் நீளம் முக்கியம். ஹேண்டில்பாரை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கமாவது திருப்பும்போது பிரேக் கட்டை தானாக நகர்ந்தால் கவர் குட்டையாக இருக்கிறது. கவரை வெட்டும்போது கட்டிங் பிளேயரால் நசுங்கிய முனையை அரத்தால் தட்டையாக்கி, உள்துளையை ஆணியால் திறந்துவிட வேண்டும். இதைக் கடைகளில் பெரும்பாலும் செய்வதில்லை. பாதி வண்டிகளில் லீவர் கனமாக இருப்பதற்குக் காரணம் இந்த நசுங்கல்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது கட்டை எங்கே பட வேண்டும் என்பது. யூ பிரேக்கும் வி பிரேக்கும் இதில் நேரெதிர். வி பிரேக்கின் முளை ரிம்முக்குக் கீழே, சக்கர மையத்தை நோக்கிய பக்கம் இருக்கிறது. யூ பிரேக்கின் முளை ரிம்மைத் தாண்டி, டயர் பக்கம். கட்டை தேயத் தேய கை இன்னும் உள்ளே வளையும். வி பிரேக்கில் கட்டை மெல்ல இறங்கி, ரிம்முக்கு அடியில் கம்பிகளை நோக்கிப் போகும். யூ பிரேக்கில் மெல்ல ஏறி டயரைத் தொடும். டயரைத் தொட்டால் கேடு பெரிது: ரப்பரின் பக்கச்சுவரைக் கட்டை அறுத்துவிடும், ட்யூப் வெளியே பிதுங்கி வெடிக்கும். அதனால் மகளின் யூ பிரேக்கில் கட்டையை ரிம்மின் பிடிப்புப் பரப்பில் கொஞ்சம் தாழ்வாகவே வைக்கிறேன். பையனின் வி பிரேக்கில் டயரைத் தொடாமல் கொஞ்சம் உயர்வாக. தேய்மானம் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவரும்.

கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மயிரிழை முன்னதாக ரிம்மைத் தொட வேண்டும். பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே கட்டையின் நட்டை இறுக்கினால் இந்தச் சாய்வு வந்துவிடும். கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் இதிலேயே அடங்கும். லீவரை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டும், இங்கேதான் மகளை உட்கார வைப்பேன். அவள் பிரேக்கை அவளே தெரிந்துகொள்ள அதுவே நல்ல இடம்.

கடைசியாகத்தான் நடுவில் நிறுத்துவது. வி பிரேக்கில் ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரோ சிறிய எல் கீயோ போதும். வலஞ்சுழியாகத் திருகினால் அந்தப் பக்க ஸ்பிரிங் விறைக்கும், அந்தக் கை ரிம்மை விட்டு விலகும். உரசுகிற பக்கத்தில் அரைச் சுற்று உள்ளே. உடனே பார்க்காதீர்கள். லீவரை நாலைந்து தடவை நன்றாக அழுத்தி விட்டால்தான் கைகள் தங்கள் இடத்துக்கு வரும். பிறகு பார்த்து, தேவையென்றால் இன்னும் கால் சுற்று, அல்லது எதிர்ப்பக்கம் கால் சுற்று வெளியே. இரண்டு ஸ்க்ரூவும் கடைசிவரை உள்ளே போய்விட்டிருந்தால் இரண்டையும் பாதிக்குக் கொண்டுவந்து புதிதாகத் தொடங்குங்கள்.

யூ பிரேக் கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒவ்வொரு கையிலும் நடு போல்ட்டைச் சுற்றி 13 ஸ்பேனர் பிடிக்கும் ஒரு நட்டு இருக்கும், ஸ்பிரிங்கின் விறைப்பு அதில்தான் இருக்கிறது. எல் கீயால் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பேனரால் அந்த நட்டைச் சுழற்றி, கை ரிம்மை விட்டு விலகும்படி ஸ்பிரிங்கை ஏற்றி, ஸ்பேனரை அசையாமல் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், போல்ட்டை இறுக்கும்போது நட்டும் கூடவே சுற்றப் பார்க்கும், வைத்த விறைப்பு மாறிவிடும். எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று கவனித்து, அந்த அளவுக்கு முன்கூட்டியே விட்டுப் பிடிக்க வேண்டும். செய்யச் செய்யப் பழகிவிடும். சில யூ பிரேக்குகளில் ஒரு கையில் குட்டி ஸ்க்ரூ தனியாக உண்டு, மிச்சமிருக்கும் நூலிழைத் திருத்தத்துக்கு அது. பெரிய கோணலை அதை வைத்து எடுக்க முயன்றால் ஸ்க்ரூவின் தலைதான் மழுங்கும்.

ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008இல் பெய்ஜிங்கில் வந்தது. சாகசப் பிரிவு டோக்கியோவில், 2021இல். அந்தச் சாகச வீடியோக்களைப் பார்த்துவிட்டு மகள் ஒருநாள் கேட்டாள்: "அம்மா, இவங்கள்ல நெறைய பேருக்கு பிரேக்கே இல்லம்மா. நாமளும் கழட்டிடலாமா? வெயிட் கொறையும்."

"அவங்க ஓட்டுற எடத்துல லாரி வராதுடி."

"நான் மெயின் ரோட்டுக்குப் போக மாட்டேனே."

"நீ போக மாட்ட. தெருவுக்குள்ள ஆட்டோ வரும்ல, கொழந்தைங்க ஓடி வரும்ல?"

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரியும். ஆனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவள் கேட்டதற்குள் ஒரு நியாயமான குறை இருந்தது: லீவர் அவள் விரலுக்கு எட்டவில்லை, அதனால் பிரேக் அவளுக்குத் தொந்தரவாகத் தெரிந்தது. லீவரின் உள்பக்கம் இருக்கும் குட்டி ஸ்க்ரூவைத் திருகி லீவரை கிரிப்புக்கு அருகே கொண்டுவந்தேன். ஒரே விரலால் பிடிக்கிற தூரம் வந்ததும் கழற்றும் பேச்சு குறைந்தது. லீவரை எவ்வளவு அழுத்தினாலும் அது கிரிப்பைத் தொடக்கூடாது. தொட்டால் ஒயர் தளர்ந்திருக்கிறது.

புதிதாக பி.எம்.எக்ஸ். வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒன்று. நம் ஊர்ச் சைக்கிள்களில் வலது லீவர் பொதுவாக முன் பிரேக். பி.எம்.எக்ஸ். வண்டிகளில் பெரும்பாலும் வலது லீவர் பின் பிரேக். இரண்டு பிரேக்கும் இருக்கும் வண்டியில் பழைய பழக்கத்தில் பிள்ளை இடது கையை வேகமாக அழுத்தினால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு தலைகுப்புற விழும். எந்தக் கை எந்தச் சக்கரம் என்று நிறுத்தி வைத்த வண்டியில் காட்டிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேக் வேறு ஆளாகிவிடும். பளபளக்கும் குரோமியம் பூசிய இரும்பு ரிம்மாக இருந்தால் ஈரத்தில் பிடி பெருமளவு போய்விடும். அலுமினிய ரிம் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் முதல் சுற்றில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாக அழுத்தத் தொடங்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெருவில் தேங்கும் தண்ணீரில் மணலும் இருக்கும். அது கட்டையில் பதிந்து ரிம்மை உப்புத்தாள் மாதிரி அராவும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கட்டைகளைப் பார்த்து, பதிந்த மணலையும் மினுமினுக்கும் அலுமினியத் துணுக்குகளையும் ஊசியால் நெம்பி எடுத்து, பரப்பை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்க்கிறேன். ரிம்மை மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைக்கிறேன். கட்டையில் இருக்கும் கோடுகள் மறையும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும், ஜோடியாக.

புது ஒயர் போட்டால் முதல் வாரத்திலேயே கொஞ்சம் தளரும். ஒயர் இழுபடுவதைவிடக் கவர் முனைகள் தங்கள் இடத்தில் அழுந்தி உட்காருவதே காரணம். லீவர் பக்கம், ஒயரின் இறுக்கத்தைச் சரிசெய்ய இருக்கும் திருகுமுனையை ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுத்தால் சரியாகிவிடும். இதற்காகவே ஒயர் மாட்டும்போது அதை முழுவதும் உள்ளே திருகி வைத்துவிட்டு மாட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் வண்டியில் ஏறாமல், பக்கத்தில் நின்று, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளிப் பாருங்கள். பின் சக்கரம் உருளாமல் தரையில் இழுபட வேண்டும். உருண்டால் பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வரிசையில் ஒன்றை விட்டிருக்கிறோம், மறுபடி ஆக்சில் நட்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.